நனையக் கூடாத துணி

தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில் ஒரு மணல் கரை. பொழுது புலரும் நேரத்தில் அங்கிருந்து படகைத் தண்ணீரில் தள்ளினேன். வழியனுப்ப ஒரு நாய் மட்டும் வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதற்கு ரொட்டித் துண்டு போட்டிருந்தேன். மீதி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தது. அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் இன்னும் போய்விடவில்லை.

வேம்பாரில் கடலில் இறங்கிச் சில நாட்கள் ஆகியிருந்தன. கன்னியாகுமரி வரை போகிறேன் என்று கம்பெனியில் சொல்லியிருந்தேன். அது சும்மா சொன்னது. அன்று சாயங்காலம் திருச்செந்தூர் சேர வேண்டும், கையில் இருக்கும் துணி நனையாமல் சேர வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒரு திட்டமும் இல்லை.

அந்தத் துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் திருப்பூரில் பனியன் துணி ஓட்டும் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். என் வீட்டுக்காரி அதே கம்பெனியில் செக்கிங். மேஜை மேல் துணியை விரித்து ஓட்டை, கறை, இழை விட்ட இடம் பார்ப்பது அவள் வேலை. வீட்டிலும் அதே கண்தான். நான் வாங்கி வந்த கத்தரிக்காயிலிருந்து நான் சொன்ன பொய் வரைக்கும் ஓட்டை கண்டுபிடித்துவிடுவாள். சொந்தமாக ஒரு மெஷின் போட வேண்டும் என்று இரண்டு பேரும் பல வருடம் பேசினோம். பழையதாக இருந்தாலும் போதும், நம்முடையதாக இருக்க வேண்டும்.

எங்கள் வகையறாவில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் இறங்குகிற முதல் துணியை விற்க மாட்டார்கள். சாமிக்கு எடுத்து வைப்பார்கள். அது கோடித் துணியாக இருக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் படாத புதுத் துணி. எந்தச் சாமிக்கு என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

"மொதத் துணி செந்தூர் முருகனுக்குங்க. பழனிக்காரரு பக்கத்து ஊட்டுக்காரரு மாதிரி. வருசா வருசம் நடந்து போய்ப் பாத்துக்கறோம். கடலோரத்துல இருக்கறவரை ஒருக்கா பாக்கோணும்" என்பாள். அவள் கடலைப் பார்த்ததில்லை.

மெஷின் வந்தது, அவள் இல்லை. மஞ்சள் காமாலை, முற்றின பிறகுதான் தெரிந்தது. ஊர்த் துணியெல்லாம் புரட்டி ஓட்டை பார்த்தவள் தன் உடம்பைப் பார்க்க விட்டுவிட்டாள். அதற்காக அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

முதல் துணி இறங்கிய அன்று அதைக் கத்தரித்து, மடித்து, பாலிதீன் பைக்குள் பை போட்டுக் கயிற்றால் கட்டி வைத்தேன். திருச்செந்தூருக்குப் பஸ் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் மறுநாள் காலை கோயில் வாசலில் இறக்கிவிடுவான். எனக்கும் தெரியும். ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் இருப்பார். "ஊட்ல வரலீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. இன்னொன்று, பழனிக்கு நடக்கும்போது அவள் அடிக்கடி சொல்வாள்: "ஒடம்பு நோகாமப் போனா அது வேண்டுதலில்லீங்க மாமா, டூரு."

உடம்பு நோவதற்கு என்னிடம் ஒரு படகு இருந்தது. எங்கள் கம்பெனியில் துணி எடுக்க வந்துகொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரர் விட்டுப் போனது. மரச்சட்டங்களை ஒன்றோடு ஒன்று மாட்டி, அதன் மேல் ரப்பர் பூசிய கித்தானை இழுத்துப் போர்த்தினால் ஓர் ஆள் உட்காரும் ஒல்லிப் படகு. பிரித்தால் இரண்டு மூட்டை. இந்தக் கடலோரமாகவே போக ஆசைப்பட்டுக் கொண்டுவந்தவர் முதுகு வலியில் படுத்துவிட்டு ஊர் திரும்பினார். மூட்டைகள் குடோனில் கிடந்தன. ஓடாத சாமான் எது என்றாலும் என் தலையில் கட்டுவது முதலாளிக்குப் பழக்கம். நான் பூட்டிப் பார்த்தேன், ஓட்டினேன், பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு குளத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய்வருவேன். அவள் கரை மேல் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டு, "தறிக்காரப் பரம்பரை கை, எங்க போனாலும் நாடா ஓட்டுது பாருங்க" என்று சிரிப்பாள். துடுப்பு இடமும் வலமும் மாறி மாறிப் போவது அவளுக்குத் தறியில் நாடா போய்வருவது மாதிரித் தெரிந்தது.

பொங்கலுக்குக் கம்பெனிகள் அடைத்தால் திருப்பூரில் ஆள் நடமாட்டம் நின்றுவிடும். மதுரைப் பக்கம், நெல்லைப் பக்கம் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். எங்கள் லைன் வீடுகளில் பூட்டுகள் மட்டும் வரிசையாகத் தொங்கும். அந்த வருடம் நானும் கடைசி வீடான எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, இரண்டு மூட்டையோடு தெற்கே பஸ் ஏறினேன்.

அன்று காலை கடல் சாதுவாகத்தான் இருந்தது. வாடைக் காற்று முதுகுப் பக்கம் லேசாகத் தள்ளியது. கரையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். உப்பு மேடுகள் வெள்ளையாகத் தெரிந்து பின்னால் போயின. பிறகு வெறும் மணலும் உடைமரமும்தான். துடுப்புப் போடும் வேலையில் பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது. இடது, வலது, இடது, வலது. மெஷின் சத்தத்திலேயே இருபது வருடம் இருந்தவனுக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. என் மூச்சு கேட்டது. வேறு எதுவும் இல்லை.

கக்கத்தில் எரிச்சல். கடல் தண்ணீரில் ஊறிய பனியன் உப்புத்தாள் மாதிரி தேய்த்துத் தோலை உரித்துவிட்டிருந்தது. உலகத்துக்கே பனியன் போட்டுவிடுகிற ஊர்க்காரன், தனக்கு எது போடுவது என்று தெரியாமல் வந்திருக்கிறேன். கழற்றினால் வெயில் சுட்டது, போட்டால் உப்பு அறுத்தது. கழற்றுவதும் போடுவதுமாக இருந்தேன். பார்த்துச் சிரிக்கவாவது ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கடலில் தனியாகப் போவது வேறு, தனியாக இருப்பது வேறு என்று அன்று தெரிந்துகொண்டேன். போவது எனக்குப் பிடித்தது. ஒரு பெரிய மீன் பக்கத்தில் துள்ளி விழுந்தது. "பாரு, பாரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். யாரைப் பார்க்கச் சொன்னேன்? துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அங்கே வெட்கப்பட யார் இருந்தார்கள்?

முன்பெல்லாம் இரவு ஷிப்டில் மெஷின் மக்கர் செய்து வர நேரமாகிவிட்டால், லைன் வீட்டு முனையில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போன் போடுவேன். அதுதான் எங்கள் பி.பி. நம்பர். கடைக்காரம்மா "யாரைக் கூப்புடோணுங்க?" என்பார். "கடைசி ஊட்டுக்காரம்மாவைங்க" என்றால், போனைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்று கூவுவார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஓடி வருவது எனக்குச் செருப்புச் சத்தத்திலேயே தெரியும். மூச்சு வாங்கிக்கொண்டே "சாப்ட்டீங்களா?" என்பாள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அவள் போன பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் நிறையப் பேர் கேட்டார்கள். அவர்கள் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்கள்.

மத்தியானம் கடலையுருண்டையும் தண்ணீரும் சாப்பிட்டேன். காற்று ஏறியிருந்தது. எதிரே ஒரு வள்ளம் வந்தது. உள்ளே இரண்டு மீனவர்கள், வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எஞ்சினை அணைத்தார்கள்.

"அண்ணாச்சி, இது என்ன வள்ளம்? வாழை மட்ட கணக்கா இருக்கு. எங்கன இருந்து வாரிய?"

"திருப்பூருங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "திருப்பூர்ல கடலு கெடையாதுல்லா?"

"இல்லீங்க. அதனாலதானுங்க இங்க வந்தேன்."

அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் மனிதரோடு பேசிய முதல் பேச்சு அது. தொண்டை கரகரத்தது. அவர்களில் மூத்தவர் தெற்கே கை காட்டினார். "முன்னால தாமிரவருணி வாய் வருது. ஆறும் கடலும் முட்டி அலை ஒடையும். கரையைப் பாத்துப் போவாதிய, நல்லா வெலகிப் போங்க. தனியாவா வாரிய? சொந்தக்காரங்க யாருக்காவது தெரியுமா?"

"தெரியுமுங்க" என்று பொய் சொன்னேன். அவர்கள் எஞ்சினைக் கிளப்பிப் போனபோது, இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாமே என்று இருந்தது.

அவர் சொன்னபடி விலகித்தான் போனேன். ஆனாலும் காற்று பின்னாலிருந்து கரைப் பக்கமாகவே தள்ளியது. ஆற்றுத் தண்ணீர் கலங்கிய பழுப்பாகக் கடலுக்குள் நீண்டிருந்தது. அந்தப் பழுப்பு விளிம்பைத் தொட்டதும் அலைக்குப் புத்தி பேதலித்துவிட்டது. முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. ஒன்று படகின் மேலேயே ஏறி உடைந்து என் இடுப்பை அடித்தது. மடிக்குள் தண்ணீர் கொட்டியது.

அப்போதுதான் நான் செய்துவைத்த காரியம் எனக்குப் புரிந்தது. உட்காரும் குழிக்குள் தண்ணீர் வராமல் இருக்கப் பாவாடை மாதிரி ஒரு மூடி உண்டு. கீழ்ப்பக்கம் படகின் விளிம்பைப் பிடிக்கும், மேல்பக்கம் ஆளின் இடுப்பைப் பிடிக்கும். ஜெர்மன்காரருடையதைக் குடோனில் எலி தின்றுவிட்டது. நானே ஒன்று தைத்தேன். கீழே ரெக்சின். இடுப்புக்கு, பனியன் கழுத்தில் வைக்கிற வெளுத்த ரிப் துணி. எங்கள் ஊரில் கத்தரி பிடிக்கும் எவனும் அளவை விடக் கொஞ்சம் கூட்டித்தான் வெட்டுவான். துவைத்துக் காய்ந்தால் துணி சுருங்கி அளவுக்கு வந்துவிடும். கை தானாகவே அப்படித்தான் வெட்டும். நானும் அப்படியே வெட்டினேன். குளத்தில் ஓட்டிவிட்டு வீட்டில் காயப்போட்டால் மறுவாரம் கச்சிதமாகப் பிடித்தது. திருப்பூர்க்காரன் வெட்டு என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

துணி சுருங்க வேண்டுமென்றால் காய வேண்டும். கடலில் எங்கே காயும்? உப்பு ஊறிய ரிப், இரவும் ஈரமாகவே கிடந்து நாளுக்கு நாள் தளர்ந்து, அன்று என் இடுப்பில் கிழவன் கோவணம் மாதிரி தொங்கியது. இரண்டு நாளாகவே தளர்வாகத்தான் இருந்தது. "சுருங்கிரும், சுருங்கிரும்" என்று விட்டுவிட்டேன். செக்கிங்காரி இருந்திருந்தால் கரையிலேயே பிடித்திருப்பாள்.

இன்னொரு அலை ஏறியது. இன்னும் தண்ணீர். படகு கனத்துப்போய்ச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டியது. எங்கள் ஊரில் ஆற்று மணலில் நடக்கத்தான் எனக்குத் தெரியும், நீச்சல் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் குளத்தில் பழகியதுதான். கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள என்று படகின் பின்பக்கம் கட்டியிருந்தது ஒரு கார் ட்யூப். பயம் என்றால் அப்படிப் பயம். செத்துப்போனால் நல்லது என்று அவள் போன அந்த ஒரு வருடத்தில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அந்த நிமிஷம் அப்படி ஒரு நினைப்பு என் பக்கமே வரவில்லை. பிழைக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு அலைக்கு நடுவில் டிபன் பாக்ஸ் மூடியால் முடிந்த மட்டும் தண்ணீரை இறைத்தேன். அடுத்த அலை வந்து, இறைத்ததை வட்டியோடு திருப்பித் தந்தது. இடுப்பை எதையாவது வைத்து இறுக்கிக் கட்டினால்தான் உண்டு. பனியன் போதாது, அதுவும் தளர்ந்த கேஸ்தான். தொடைகளுக்கு நடுவில் பாலிதீன் பொட்டலம் தட்டுப்பட்டது.

வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கடைசியாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான். நனைந்தால் கோடி இல்லை. கோடி இல்லையென்றால் வேண்டுதல் இல்லை. இவ்வளவு தூரம் வந்ததற்கு அர்த்தம் இல்லை. இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அலை முகத்தில் அடித்தது. "முருகா, உனக்கு வேணுமுன்னா நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாமல்ல" என்று திட்டிக்கொண்டே பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன்.

எங்கள் மெஷினில் துணி வட்டமாக, தையல் இல்லாத குழாயாக இறங்கும். ஆள் மார்பளவுதான் அதன் அளவு. தலைவழியாக மாட்டி, தொங்கிய ரிப்பின் மேல் இடுப்பு வரை இழுத்து, மடித்து மடித்துச் சுருட்டி, பொட்டலம் கட்டியிருந்த கயிற்றால் முடிச்சுப் போட்டேன். காய்ந்த புதுத்துணியின் கதகதப்பு உடம்பைக் கவ்வியது. எவ்வளவோ நாள் கழித்து யாரோ என்னைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அலை வந்தது, ஏறி உடைந்தது. தண்ணீர் உள்ளே வரவில்லை. குனிந்து பார்த்தேன். துணி மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு போனது. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது: வெளுக்காத கிரே துணி தண்ணீரைச் சட்டென்று குடிக்காது. பருத்தியின் மெழுகு அதில் அப்படியே இருக்கும். எங்கள் சாயப்பட்டறைகளில் முதல் வேலையே அந்த மெழுகு போக வேக வைப்பதுதான். துடுப்பை எடுத்தேன். படகின் மூக்கைக் கடல் பக்கம் திருப்பி, கை செத்துப்போகும் வரை போட்டேன். பழுப்புத் தண்ணீர் பின்னால் போய், பச்சைத் தண்ணீர் வந்தது.

காயல்பட்டினத்து மினார்கள் தெரிந்தன. பிறகு வெயில் சாயும் நேரத்தில் செந்தூர்க் கோபுரம். கடலிலிருந்து பார்க்கும்போது அது தண்ணீரில் நிற்பது போலத்தான் இருந்தது. "வந்தாச்சு" என்றேன். இந்தத் தடவை யாரிடம் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

கரையில் திருவிழா மாதிரி கூட்டம். மொட்டை போட்ட பிள்ளைகள், அலையில் மூழ்கி எழுகிற குடும்பங்கள், பஜ்ஜிக் கடை. படகை மணலுக்கு இழுத்துப் போட்டேன். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாத்தியார் போலிருந்தவர் படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கிற படகா? எவ்வளவு?" என்று கேட்டார். இல்லை என்றதும் போய்விட்டார். ஆயிரம் பேர் இருந்த அந்தக் கரையில், நான் அன்று பகல் முழுதும் இருந்த கடலைவிட அதிகத் தனிமையாக இருந்தது.

நாழிக்கிணற்றில் இடுப்பில் தண்ணீர் படாமல் குனிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். துணியை மட்டும் கழற்றவில்லை. வேட்டி மேல் இடுப்பில் அதைக் கட்டியபடியே வரிசையில் நின்று சாமி முன்னால் போனேன். கொடுக்கலாமா, வேண்டாமா? தொட்டுப் பார்த்தேன். மேலே ஈரம். மடிப்புக்குள் விரலை விட்டால் ஒரு பட்டை இன்னும் காய்ந்தே இருந்தது. பாதி நனைந்த துணி கோடியா, இல்லையா? உடுத்திய துணியைச் சாமிக்குக் கொடுக்கலாமா? உயிர் காப்பாற்றிய துணி என்றால் கணக்கு மாறுமா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். துணியோடு வெளியே வந்துவிட்டேன்.

எந்தச் சாமிக்கு என்ன, எது சேரும், எது சேராது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் அவள் இலாகா. நான் மாலை பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பவன். அவளைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். கடைவீதியில் நடந்துகொண்டிருந்த கால், ஓர் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்துவிட்டது. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். விரல் அதுவாகவே எங்கள் பி.பி. நம்பரை அமுக்கியது.

எடுத்தது கடைக்காரம்மா இல்லை. ஏதோ இளம் பெண் குரல், பொங்கலுக்கு வந்த சொந்தக்காரப் பெண்ணாக இருக்கும். எங்களைத் தெரியாதவள்.

"அலோ, யாரைக் கூப்புடோணுங்க?"

வைத்துவிட்டிருக்கலாம். நான் வைக்கவில்லை.

"லைன்ல கடைசி ஊட்டுக்காரம்மாவைங்க."

"இருங்க, கூப்புட்டுட்டு வர்றேனுங்க."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ கால் கிலோ சர்க்கரை கேட்டார்கள். ரேடியோ பாடியது. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டித் தூரமாகப் போனது. நான் காதோடு போனை அழுத்திக்கொண்டு, இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நிஜமாகவே காத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்தேன். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. ஒருத்தியுடையது மட்டும்.

"ஏனுங்க, கடைசி ஊடு பூட்டிக் கெடக்குதுங்களே."

"ஆமாங்க" என்றேன். "நாந்தானுங்க பூட்டிட்டு வந்தேன்."